அப்பா ஓட்டாமல் ஜெயித்த வண்டி

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், ஷெட்டில் இருக்கும் இரண்டு இன்ஜின்களில் ஒன்று நலம், இன்னொன்றுக்குக் காலையில் எழுந்திருக்க மனசில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், நம்புவதைத் தவிர இங்கிருந்து நான் வேறு என்ன செய்ய முடியும். போனில் பேசுகிறவள் திடீரென்று கடிதம் போடுகிறாளே என்று பயந்துவிடாதே. போன் என்றால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார், நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அவர் முடித்து வைக்கிறார். இது அவர் முடித்து வைக்கக் கூடாத விஷயம், அதனால் மருந்துக்கடையில் மதியம் ஆள் வராத நேரமாகப் பார்த்து மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். நடுநடுவே இருமல் மருந்து கேட்டு யாராவது வருவார்கள், கையெழுத்து மாறினால் அதுதான் காரணம்.

முதலில் நீ நம் ரிமோட் கார் கிளப்புக்கு அனுப்பின ஈமெயிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோப்பைப் பந்தயத்தில் அப்பா முதலாவதாக வந்தும் கோப்பையைத் தூக்கிப் பல் டாக்டரிடம் கொடுத்துவிட்டார்கள் என்று அவர் உன்னிடம் சொன்னார், நீயும் கொதித்துப் போய், வயதானவரை ஏமாற்ற வெட்கமாக இல்லையா என்று எழுதி அனுப்பிவிட்டாய். கிளப் தலைவர், அதுதான் நம் மெத்தைக்கடைக்காரர், அதைப் பிரிண்ட் எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார். நான் போய்ப் படித்தேன். கோபத்திலும் நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய், ஆனால் ஒரு வரி கூட உண்மை இல்லை. உன்னைச் சொல்லிக் குற்றமில்லை, அப்பா பொய் சொல்லவில்லை, அவர் பார்த்ததைத்தான் சொன்னார். அவர் பார்த்ததில்தான் சங்கடம்.

இதை மாப்பிள்ளையும் படிப்பார் என்பதால் கொஞ்சம் விளக்கியே எழுதுகிறேன், அவர் நம் வீட்டுக்கு வந்த இரண்டு தடவையும் வண்டியைப் பொம்மை என்று சொல்லி மாமனார் முகத்தைச் சுண்ட வைத்தவர். அது பொம்மை இல்லை. முழங்கை நீளம்தான், ஆனால் உள்ளே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு நிஜ இன்ஜின், அதற்கு நைட்ரோ கலந்த தனி எண்ணெய், இரண்டு கியர், பிரேக் எல்லாம் உண்டு. ஓட்டுகிறவர்கள் உயரமான ஒரு மேடையில் தோளோடு தோளாக நின்று கையில் ரிமோட் வைத்து ஓட்டுவார்கள். கீழே டிராக் ஓரத்தில் ஆளுக்கொரு துணை நிற்கும், வண்டி உள்ளே வந்தால் எண்ணெய் ஊற்ற வேண்டும், செத்துப்போனால் உயிர் கொடுத்துத் திருப்பி விட வேண்டும். இன்ஜின் செத்தாலும் ரிமோட்டைத் திருப்பினால் சக்கரம் திரும்பும், அதற்கு உள்ளே தனி பேட்டரி. நம் வீட்டில் மேடை அப்பாவுக்கு, தரை எனக்கு. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் என்பதால் எனக்கு ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. இன்ஜினை வழிக்குக் கொண்டுவருவதும் நான்தான். கார்புரேட்டரில் ஒரு ஊசித் திருகு இருக்கிறது, அதை மயிரிழை திறந்தால் வண்டி நீலப் புகை விட்டு இருமும், மயிரிழை மூடினால் சீறிக்கொண்டு பறக்கும், பறந்துகொண்டே சூடாகிச் செத்தும் போகும். இன்ஜின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்ப்பேன், மெதுவாகச் சுருங்கினால் சரி, சுர்ரென்று துள்ளினால் ஊசியைத் திறந்தாக வேண்டும். அப்பாவுக்கு எப்போதும் இன்னும் கொஞ்சம் மூடு, இன்னும் கொஞ்சம் மூடு என்பதுதான் பேச்சு. உன் பழைய ஹேர் டிரையர் இப்போது குளிரில் கிளம்பாத இன்ஜினுக்குச் சூடு காட்டுகிறது, என் புருவம் எடுக்கும் இடுக்கி சக்கரத்தில் கிளிப் பிடுங்குகிறது, போன தடவை அனுப்பின போட்டோவில் என் புருவம் ஏன் அப்படி என்று கேட்டாயே, அதனால்தான்.

அப்பாவின் கண் விஷயம் உனக்குத் தெரியும். நீ வற்புறுத்தினதால் கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன், இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணுக்கு உடனே ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார். அப்பா வெளியே வந்து, வெளிச்சம் போதாத அறையில் உட்காரவைத்துப் படிக்கச் சொன்னால் யாருக்குத்தான் தெரியும் என்றார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து ஷெட்டுக்குப் போய்விடுவார். பிடித்த முயலுக்கு மூன்றே கால். எதிர்வீட்டு நீல கேட்டைப் பச்சை என்பார், நானும் எதிர்வீட்டுக்காரர்கள் பெயின்ட் மாற்றினால் தேவலை என்று விட்டுவிட்டேன்.

இப்போது பந்தயத்துக்கு வருகிறேன். நம் வண்டி பச்சை, பல் டாக்டருடையது நீலம், மேல்கூடு இரண்டுக்கும் ஒரே மாதிரி. கடைசித் தடவை எண்ணெய் ஊற்ற இரண்டு வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்தன. எனக்குப் பக்கத்தில் பல் டாக்டரின் நர்ஸ், பல் பிடுங்குகிற இடத்தில் பழகின கை, சட்டென்று ஊற்றி மூடி விட்டுவிட்டாள், நீல வண்டி கிளம்பிப் போய்விட்டது. நம் வண்டி அந்த நேரம் பார்த்து மூச்சை விட்டது. நான் தூக்கிப் பிளக்கைக் கழற்றினேன், கழற்றும்போது பார்க்கிறேன், என் கையில் இருக்கும் வண்டியின் முன்சக்கரங்கள் தாமாகவே இடது பக்கம் திரும்புகின்றன, நேராகின்றன, வலது பக்கம் திரும்புகின்றன. ஒயர் ஏதோ உரசுகிறது என்று நினைத்தேன். அப்புறம் தலையை நிமிர்த்தினால் டிராக்கில் நீல வண்டி இடது பக்கம் திரும்புகிறது, நேராகிறது, வலது பக்கம் திரும்புகிறது. மேடையில் உன் அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டு, பல் டாக்டரின் வண்டியைக் கண்ணால் துரத்திக்கொண்டு, என் கையில் இருக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கிறார். நான் கத்தினேன், அத்தனை இன்ஜின் அலறும்போது யாருக்குக் கேட்கும். அவர் ஓட்டின அழகை மட்டும் சொல்லியாக வேண்டும், ஒரு வளைவு கூடத் தவறவில்லை, சக்கரம் என் கையிலேயே அவ்வளவு பதமாகத் திரும்பியது.

புதுப் பிளக் போட்டு இன்ஜினைக் கிளப்பினேன், அங்கேதான் எனக்குப் புத்தி கெட்டது. அவர் முழு வேகத்தில் விரலை அழுத்திக்கொண்டிருக்கிறார், வண்டியோ என் கையில் அலறுகிறது, அடம்பிடிக்கிற பிள்ளையை இடுப்பில் வைத்திருப்பது போல எத்தனை நேரம் வைத்திருப்பது. அவர் பிரேக் போட்ட நேரமாகப் பார்த்துத் தரையில் வைத்தேன். அங்கே நீல வண்டிக்கு வளைவு முடிந்துவிட்டது போலிருக்கிறது. நம் வண்டி நேராகப் பாய்ந்து, கயிற்றுக்கு அடியில் நுழைந்து, தலைவர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் பின்காலை எடுத்துக்கொண்டு போய்விட்டது. வாழ்நாள் முழுக்க ஊருக்கு மெத்தை விற்ற மனிதர், விழும்போது கீழே ஒரு துண்டு பஞ்சு இல்லை. அடி ஒன்றும் பெரிதாக இல்லை, டீதான் சட்டையில். அதற்குள் பந்தயம் முடிந்து நீல வண்டி முதலாவதாக வந்துவிட்டது. மேடையில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினார்கள். அப்புறம் தோற்றுப்போன பல் டாக்டரைத் தேற்ற வேண்டுமே என்று அப்பா அவரைக் கட்டிக்கொண்டார், பல் டாக்டர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அழுதேவிட்டார். அவர் ஜென்மத்தில் வாங்கின முதல் கோப்பை அது.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் கூத்து. சுற்றுகளை எண்ணுகிற கருவி பழுது, தன் வண்டியைப் பல் டாக்டர் கணக்கில் எண்ணிவிட்டது என்று அப்பா புகார் எழுதிக் கொடுத்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தலைவர் பதிலுக்கு, உங்கள் வண்டி என்னைத் தள்ளிவிட்டதற்கு ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் காரணம் சொல்லுங்கள், ஒழுங்கான காரணம் இல்லாவிட்டால் கிளப்பை விட்டே நிற்க வேண்டியதுதான் என்றார். அப்பா சிரித்துக்கொண்டே, அந்த நேரத்துல என் வண்டி டிராக்குல முதலாவதா ஓடிக்கிட்டிருந்துச்சு, உங்களைத் தள்ளினது எவன் வண்டின்னு முதல்ல விசாரிங்க என்றார். சுற்றி நின்றவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அந்தப் பார்வைதான் பொறுக்கவில்லை கண்ணு. முப்பது வருடம் டிரைவிங் ஸ்கூல் நடத்தி, ஊரில் பாதிப் பேர் கையில் ஸ்டீரிங்கைக் கொடுத்த மனிதர், ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று அடுத்தவன் வண்டியைத் தன்னுடையது என்று சாதிக்கப் போகிறார், பச்சைக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஆள் என்று மொத்தக் கூட்டமும் கேட்டுச் சிரிக்கப் போகிறது. அதற்கு முன்னால் நான்தான் சொல்லியாக வேண்டும். வாரம் முழுக்கச் சொல்ல வாயெடுத்தேன், ஒவ்வொரு தடவையும் அவர் அந்த மூன்றாவது வளைவை எப்படி எடுத்தார் என்று ஆரம்பித்துவிடுவார், முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், நான் ஊசியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

கடைசியில் சனிக்கிழமை அந்த நர்ஸிடம் கேட்டு நீல வண்டியின் மேல்கூட்டை வாங்கி வந்தேன். ஷெட்டில் இரண்டு கூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நம்மளோடதை எடுத்து மாட்டுங்க என்றேன். அவர் யோசிக்கவே இல்லை, நீலத்தை எடுத்தார். அவர் என் முகத்தைப் பார்த்தார், கையில் இருந்த கூட்டைப் பார்த்தார், வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் திருப்பிப் பார்த்தார். திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் என்னென்னவோ சமாதானம் தயார் செய்து வைத்திருந்தேன், அவர் கேட்டதோ, அப்ப அந்த மூணாவது வளைவை அப்படி எடுத்தது அந்தப் பல் டாக்டரா என்பதுதான். ஆமாம் என்றேன். அந்தாளுக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்குடுக்கவே எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு என்றார். கண் போனது கூடப் பெரிதாகத் தெரியவில்லை அவருக்கு, பல் டாக்டர் நன்றாக ஓட்டுகிறார் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. அப்புறம் கூட்டை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தபடியே, ஆபரேஷன்னா பயமா இருக்கு, இருக்கிறதும் போயிட்டா என்ன பண்றது என்றார். இத்தனை வருடத்தில் பயம் என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, எண்ணெய்ப் புகை என்று சொல்லிக்கொண்டேன், இன்ஜின் அன்றைக்கு ஓடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவரே எழுந்தார். தலைவரே, உங்களைத் தள்ளினது என் வண்டிதான், அப்ப நான் பார்த்துக்கிட்டிருந்தது டாக்டர் வண்டியை, ஓட்டின விதம் அவ்வளவு நல்லா இருந்ததால அது என்னோடதாத்தான் இருக்கும்னு நினைச்சுட்டேன் என்றார். ஒரு நிமிடம் யாருக்கும் சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. அதற்குள் பல் டாக்டர் எழுந்து, நானும் ஒண்ணு சொல்லணும் என்றார். உன் அப்பா மேடையில் நின்றாலும் வாய் இன்னும் டிரைவிங் ஸ்கூலில்தான் இருக்கிறது, ஓட்டும்போது முணுமுணுத்துக்கொண்டே இருப்பார், பிரேக், பிரேக், இப்பத் திருப்பு, விடு, மெதுவா, இப்பக் குடு என்று. பல் டாக்டர் அன்றைக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். சார்கிட்டதான் வண்டி பழகினேன், அந்தக் குரல் காதுல விழுந்தா என் கை தானா செஞ்சுடுது, அன்னைக்கு அவர் சொல்லச் சொல்ல நான் செஞ்சேன், அவர் என் வண்டியைப் பார்த்துத்தான் சொல்றார்னு எனக்குத் தெரியாது, ஆனா சொன்ன இடத்திலெல்லாம் பிரேக் தேவைப்பட்டுச்சு என்றார். அப்புறம் என்ன, கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற சிரிப்பு. தலைவர்தான் முதலில் சிரித்தார். கோப்பையைப் பாதியாக வைத்துக்கொள்ளலாம், ஆறு மாதம் உங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று பல் டாக்டர் சொல்ல, ஸ்டூடண்ட் பாஸானா வாத்தியாருக்கு எதுக்கு லைசென்ஸ் என்று அப்பா மறுத்துவிட்டார். மனசுக்குள் ஆசைதான், எனக்குத் தெரியும். தலைவர் தீர்ப்பு சொன்னார், கண் டாக்டர் எழுதிக் கொடுக்கும் வரைக்கும் ரிமோட்டைத் தொடக் கூடாது, மேடையில் நிற்கலாம், வாயைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை.

அதனால் போன ஞாயிற்றுக்கிழமை நம் வண்டியை ஓட்டினது யார் தெரியுமா, உன் அம்மா. கல்யாணமான புதிதில் எனக்குக் கார் பழக்கிக் கொடுக்கிறேன் என்று அப்பா கூட்டிப் போனதும், முதல் தெரு முனையிலேயே நான் கதவைத் திறந்து இறங்கி வீட்டுக்கு நடந்து வந்ததும் உனக்குச் சொல்லியிருக்கிறேன். அதற்கப்புறம் அந்த வாய்க்குப் பக்கத்தில் நான் ஸ்டீரிங் பிடித்ததில்லை. இப்போது மேடையில் எனக்கு ஒரு பக்கம் அவர், இன்னொரு பக்கம் பல் டாக்டர், கீழே நர்ஸ் ஒருத்தியே இரண்டு வண்டிக்கும் எண்ணெய் ஊற்றினாள். பிரேக் என்றார், எனக்குத் தெரியாதா என்று போடவில்லை, சுவரில் மோதினேன். மறுபடி பிரேக் என்றார், இந்தத் தடவை போட்டேன், வண்டி வளைவில் வழுக்காமல் பூப்போலத் திரும்பியது. எனக்கே எரிச்சல். அப்புறம் சொன்னதை எல்லாம் செய்தேன், இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர் சொன்ன பேச்சை நான் முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான். பல் டாக்டர் அதைக் கேட்க வேண்டும் என்று கழுத்தை நீட்டிக்கொண்டே வந்தார், அப்பா குரலைத் தாழ்த்தி என் காதோடு சொல்ல ஆரம்பித்தார், அவர் இன்னும் நீட்டினார், தன் வண்டி புல்லில் மேய்வதைப் பார்க்கவில்லை. நான் கடைசிக்கு முந்தின இடம், கடைசி பல் டாக்டர்.

அப்பா ஆபரேஷனுக்குச் சம்மதித்துவிட்டார், வருகிற புதன்கிழமை. ரிமோட் திரும்பக் கைக்கு வரவேண்டும் என்பதுதான் காரணம் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார், அப்படியே இருக்கட்டும். நேற்று சக்கரத்துக்கு நான் பசை தடவிக்கொண்டிருந்தபோது வந்து நின்றார். ஆபரேஷன் பண்ற இடத்துல உன்னை உள்ள விடுவாங்களா என்றார். எதுக்கு என்றேன். மயக்க மருந்து இல்லையாம், முழிச்சுக்கிட்டே படுத்திருக்கணுமாம், முகத்தை மூடிடுவாங்களாம், எது எப்ப வருதுன்னு பக்கத்துல யாராவது சொல்லிக்கிட்டே இருந்தா நல்லா இருக்கும் என்றார். எத்தனை பேர் நடுங்கிக்கொண்டு ஸ்டீரிங் பிடித்திருப்பார்கள், அத்தனை பேருக்கும் பக்கத்து சீட்டில் இவர் இருந்தார், இவருக்குப் பக்கத்து சீட்டில் யாரும் இருந்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டேன், உள்ளே யாரையும் விட மாட்டார்களாம், கதவு வரைக்கும் வரலாம் என்றார்கள். போதும் என்றேன், என் குரல் கதவைத் தாண்டும் என்பது உனக்குத் தெரியும்.

நீ செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அப்பாவுக்குப் போன் செய், ஆனால் அவர் பயப்படுகிறார் என்று நான் எழுதினதைக் காட்டிக்கொள்ளாதே, சும்மா மூன்றாவது வளைவைப் பற்றி ஏதாவது கேள், அரை மணி நேரம் பயத்தை மறந்திருப்பார். கிளப்புக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு ஈமெயில் மறக்காமல் அனுப்பு, அதையும் போர்டில் ஒட்டுவார்கள், அதனால் இதையும் நன்றாகவே எழுது. மாப்பிள்ளையை இடுப்புவலியோடு கனம் தூக்க விடாதே. குளியலறை அலமாரியில் மாத்திரை வைக்காதே என்று எத்தனை தடவை சொன்னேன், ஈரத்தில் வீணாகிவிடும். நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல், கண்ணும் கையும் நன்றாக இருந்து, நூறு வருடம் ஒருவர் பேச்சை ஒருவர் அவ்வப்போதாவது கேட்டுக்கொண்டு வாழ வேண்டும் என்று மனதார வாழ்த்தும்,

அம்மா.
(ரிமோட் இப்போதைக்கு என்னிடம்.)